பாதம் தெரிய ஒரு படம்

அத்தியாயம் 11

சுவரிலிருந்து இரும்புத் தாங்கி மறுபடியும் பிடுங்கிக்கொண்டு விழுந்த சத்தம் கேட்டபோது, நல்லம்மாள் அடுப்பிலிருந்து பாலை இறக்கிக்கொண்டிருந்தாள். விழுந்தது இரும்பா, ஏணியில் நின்ற கணவனா என்று தெரிவதற்குள் பாதிப் பால் நெருப்புக்குப் போய்விட்டது.

"எனக்கு ஒண்ணும் ஆகலே. சுவருக்குத்தான்," என்று பின்கூடத்திலிருந்து அப்பாவுவின் குரல் வந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தாள். ஏணியின் உச்சிப் படியில் தலை, தோள், மீசை எல்லாம் சுண்ணாம்பாக உட்கார்ந்திருந்தான் அவன். கீழே, திரை சுற்றிய ஒன்பது அடி நீள உருளையின் ஒரு முனையைத் தோளில் தாங்கிக்கொண்டு நின்றாள் தங்கை பாப்பா. விழ இருந்ததை அவள்தான் பிடித்திருக்கிறாள்.

"மச்சான் கிழவனானா எப்படி இருப்பாருன்னு இப்பவே பாத்து வெச்சுக்க அக்கா," என்றாள் பாப்பா.

"நீ முதல்ல அதைக் கீழே வை. கனக்கும்."

"கனக்கலே லா."

"வைன்னு சொன்னேன்."

காலை ஏழரை மணிக்கே நல்லம்மாளின் குரல் உயர்ந்துவிட்டது. காரணம் இல்லாமல் இல்லை. தஞ்சோங் மாலிமிலிருந்து அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து அவள் ஒரு வேளை நிம்மதியாகச் சாப்பிடவில்லை என்பது தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வருபவர்களுக்கு இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். ரயிலில் கார்டு வேலை பார்க்கும் பத்துமலைக்குப் பாப்பாவைக் கேட்டிருந்தார்கள். பத்துமலையின் தாயாருக்கு ஈப்போ வரை வந்து பெண் பார்க்க உடம்பு இடம் கொடுக்கவில்லை. படம் போதும் என்றார். ஆனால் உட்கார்ந்த படம் கூடாது. மூத்த மகனுக்கு அப்படி ஒரு படத்தைப் பார்த்துப் பெண் எடுத்துவிட்டு இன்றுவரை வருத்தப்படுகிறாராம். நின்றபடி, இரண்டு பாதமும் தெரிய வேண்டும்.

மற்றப் பெண்களுக்கு இது பெரிய காரியமில்லை. பாப்பாவுக்கு வலது கால் ஒரு கட்டைவிரல் அளவு குட்டை. கோப்பெங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், எட்டு வயதில், பால் வாளியோடு மேட்டிலிருந்து உருண்டு கால் ஒடிந்தது. கட்டுப் போட்டவன் கோணலாகப் போட்டுவிட்டான். நடந்தால் லேசாகச் சாய்வாள். நின்றால் வலது குதிகால் தரையில் படாது. போன மாதம் ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து நேரில் பெண் பார்க்க வந்தவர்கள், அவள் காப்பித் தட்டோடு கூடத்தைக் கடந்து வருவதைப் பார்த்தார்கள். காப்பியைக் குடிக்காமலே எழுந்து போனார்கள்.

இப்போது பாப்பாவுக்குப் பத்தொன்பது. படம் இன்று பிற்பகல் மூன்றே முக்கால் ரயிலில் போயாக வேண்டும்.

அப்பாவு ஆறு வருஷம் ஒரு ஜப்பான்காரரிடம் படம் பிடிக்கக் கற்றவன். ரப்பர் விலை ஏறி, கங்காணிமார் கையில் நாலு காசு புரண்ட அந்த வருஷத்தில், துணிந்து கிந்தா ஆற்றுக்குப் பக்கத்தில் இந்த வரிசை வீட்டை வாடகைக்குப் பிடித்தான். பின்கூடத்துக் கூரையில் ஓடுகளை எடுத்துக் கண்ணாடி பதித்து, அதையே ஸ்டூடியோ ஆக்கியிருந்தான். இன்னும் ஒரு படம்கூட அங்கே பிடிக்கவில்லை. சுவர் அவனை விடவில்லை.

முதலில் மூங்கிலில் திரையைச் சுற்றி மாட்டினான். சாயம் பூசிய கித்தானின் கனத்தில் மூங்கில் நடுவில் தொய்ந்து, திரையில் இருந்த அரண்மனை ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. பிறகு ஈயம் தோண்டும் கோப்பெங் ஈயலம்பத்தில் ஒதுக்கிப் போட்ட தண்ணீர்க் குழாய் மூன்றை வாங்கி வந்தான். குழாய் தொய்யவில்லை. ஆனால் அதன் கனத்துக்குச் சுவர் உதிர்ந்தது.

"ஆணி அடிச்சா நிக்காது மச்சான். பூச்சுதான் பிடிச்சிருக்கு, செங்கல்லு பிடிக்கலே," என்றாள் பாப்பா. "ரெண்டு விரல் ஆழம் உளியால குடைஞ்சு, மர ஆப்பு அடிச்சு, அதுல திருகாணி போடுங்க."

"எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா ஏன் மூணு தடவை விழுது?"

அப்பாவு மனைவியைப் பார்த்தான். "உன் தங்கச்சிய நான் படம் பிடிக்கணுமா, கூலிக்கு வெச்சுக்கணுமா?"

நல்லம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். பாப்பாவுக்கு எடுத்து வைத்த மயில்கழுத்துச் சேலையை விரித்தாள், மடித்தாள், மறுபடி விரித்தாள். ஒவ்வொரு சம்மட்டி அடிக்கும் தோள் குலுங்கியது.

ஒன்பதரை மணிக்கு ஆப்பு இறுகியது. மூன்று பள்ளம் வெட்டிய இரும்புத் தாங்கிகள் இரண்டு, சுவரின் இரு பக்கத்திலும் உட்கார்ந்தன. குழாய் மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க, பாதி தண்ணீர் ஊற்றிய மருந்துப் புட்டியைப் பாப்பா அதன்மேல் படுக்க வைத்தாள். தண்ணீர் ஒரு பக்கம் ஏறி நின்றது. இடது தாங்கிக்கு அடியில் ஒரு தகரத் துண்டைச் செருகினார்கள். மறுபடி வைத்தாள். தண்ணீர் அசையாமல் கிடந்தது.

சுவரை ஒட்டிய பள்ளத்தில் தோட்டத் திரை, நடுவில் வெறும் சாம்பல் நிறத் திரை, முன்னால் அரண்மனை. ஒவ்வொரு குழாயின் முனையிலும் ஒரு மரச்சக்கரம், அதில் கயிறு. கயிற்றை விட்டால் திரை இறங்கும், இழுத்தால் சுருண்டு ஏறும். பாப்பா அரண்மனைக் கயிற்றை மெல்ல விட்டாள். தூண்கள் இறங்கின, மாடம் இறங்கியது, கடைசியில் படிக்கட்டு வந்தது. ஒரு சுருக்கம் இல்லை.

"இன்னும் விடு. படிக்கட்டு தரையிலே படுத்து முன்னாடி வரணும்," என்றான் அப்பாவு. "நிக்கிறவங்க காலுக்குக் கீழே வரைக்கும் வந்தாத்தான் அரண்மனையிலே நிக்கிற மாதிரி இருக்கும்."

மிச்சத் துணி தரையில் ஆறு அடி தூரம் விரிந்தது. நல்லம்மாள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பாப்பா, நீ போய்ச் சேலை மாத்து," என்றாள்.

தங்கை உள்ளே போனதும், சோப்புப் பெட்டியின் மூடியிலிருந்து அறுத்து வைத்திருந்த சின்னப் பலகையை முந்தானையிலிருந்து எடுத்தாள். சரியாக ஒரு கட்டைவிரல் கனம். திரைத்துணியைத் தூக்கி, வலது பாதம் வரும் இடத்தில் அடியில் வைத்து, துணியை மேலே இழுத்து நீவினாள். வரைந்த படியின் நிழலில் அந்த மேடு தெரியவே இல்லை.

அப்பாவு சுண்ணாம்பு துடைத்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"நல்லு."

"ஒண்ணும் பேசாதீங்க."

"பாப்பாகிட்ட சொன்னியா?"

"நின்னதும் தெரிஞ்சுக்கிடுவா. நீங்க படத்தை மட்டும் பிடிங்க."

அந்த நேரத்தில் வாசலில் துணி மூட்டை இறங்கும் ஓசை கேட்டது. தாவூத் ராவுத்தர். தோட்டம் தோட்டமாகத் துணி விற்பவர். இந்தச் சம்பந்தத்தைப் பேசியவரும் அவரே, படத்தை எடுத்துப் போகிறவரும் அவரே. உள்ளே வந்து திரையைப் பார்த்து வாயைப் பிளந்தார்.

"இது எந்த ஊரு அரண்மனை தம்பி? தூணு உச்சியிலே என்னமோ சுருண்டு கெடக்கு."

"சீன வாயாங் கூத்துக்குத் திரை எழுதற ஆளு எழுதினது அண்ணே. நாகம் வேணாம்னு சொன்னேன். தலையை மட்டும் எடுத்துட்டு வாலை விட்டுட்டாரு."

"வால் இருக்கட்டும், அழகாத்தான் இருக்கு. அந்தம்மா பாதத்தைத்தானே பாக்கப் போறாங்க."

நல்லம்மாள் சட்டென்று கேட்டாள். "கால் விஷயம் அவங்க உங்ககிட்ட கேட்டாங்களா அண்ணே?"

"கேக்கலே தங்கச்சி. கேட்டிருந்தா மறைச்சிருக்க மாட்டேன். கேக்காததை நானா போய்ச் சொல்லவும் மாட்டேன். பத்து வருஷமா வீட்டு வாசல்ல ஒக்காந்து துணி விக்கிறேன், வாய அடக்கினாத்தான் மறுபடி உள்ள விடுவாங்க."

பாப்பா வந்தாள். மயில்கழுத்துச் சேலை, காதில் அக்காவின் தோடு. சாய்ந்து சாய்ந்து நடந்து வந்து திரைக்கு முன்னால் நின்றாள்.

"இன்னும் கொஞ்சம் வலது பக்கம்," என்றாள் நல்லம்மாள். "அங்கேதான். காலை வை."

பாப்பா வலது பாதத்தை வைத்தாள். முகம் மாறியது. கீழே பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள்.

ஆனால் அவள் நின்றாள். இடுப்பு மட்டமாக, தோள் இரண்டும் ஒரே உயரத்தில், குதிகால் இரண்டும் ஊன்றி நின்றாள். பதினோரு வருஷமாக ஒருவரும் பார்க்காத பாப்பா. அம்மாவின் உயரம் அவளுக்கு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நல்லம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ராவுத்தர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

அப்பாவு கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, வெகுநேரம் கழித்து வெளியே எடுத்தான். கண்ணாடித் தகட்டைச் செருகினான். "அசையாதே. ஒண்ணு, ரெண்டு, மூணு."

முடிந்தது. நல்லம்மாளுக்கு மூச்சு வந்தது.

"மச்சான், இன்னும் ஒரு தகடு இருக்கா?" என்றாள் பாப்பா.

"ஒண்ணே ஒண்ணு. அடுத்த பெட்டி பினாங்கிலிருந்து வரணும்."

பாப்பா நேராகச் சுவரிடம் போனாள். ஆணியில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து இழுத்தாள். தரையில் கிடந்த படிக்கட்டு எழுந்து, சுருண்டு, மேலே போனது. வெறும் சிமெண்டுத் தரை. நடுவில், சோப்புக்காரன் முத்திரையோடு, அந்தப் பலகை.

ராவுத்தர் கூரைக் கண்ணாடியைப் பார்த்தார்.

"மேலே பாக்காதீங்க அண்ணே, இங்க பாருங்க," என்றாள் பாப்பா. "எடுத்துட்டுப் போறவரு நீங்கதானே." பேசிக்கொண்டே சாம்பல் திரையின் கயிற்றை விட்டாள். தரைக்கு ஒரு சாண் மேலேயே நிறுத்திக் கட்டினாள். பலகையைக் காலால் ஒதுக்கிவிட்டு, தரையில் நின்றாள். வலது குதிகால் தூக்கி நின்றது. "இப்ப எடுங்க மச்சான்."

நல்லம்மாள் காமிராவுக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள்.

"எடுக்க வேணாம்."

"தள்ளு அக்கா."

"உனக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா? அவங்க பாத்துட்டுத் திருப்பி அனுப்பிடுவாங்க. அந்த ஹுத்தான் மெலிந்தாங்காரங்க செஞ்ச மாதிரி."

"அனுப்பட்டும். தாலி கட்டி அங்கே போய் இறங்கும்போது பலகையைக் கையிலே எடுத்துக்கிட்டா இறங்குவேன்?"

"கல்யாணம் ஆகிட்டா எல்லாம் சரியாப் போயிடும். யாரு காலை அளந்து பாத்துக்கிட்டு இருப்பா?"

"அவங்க மூத்த மருமகளைப் பத்தி இன்னைக்கு வரைக்கும் பேசறாங்க. எனக்கும் அதே பேச்சா?"

"உன் நல்லதுக்குத்தான்..."

"எனக்காகவா வெச்சே?" பாப்பாவின் குரல் உயரவில்லை. "அன்னைக்கு வாளி தூக்க வேண்டியது உன் முறை. காய்ச்சல்னு படுத்துக்கிட்டே. காய்ச்சல் இல்லேன்னு எனக்கு அப்பவே தெரியும். நான் யாருகிட்டயும் சொல்லலே, உன் மேல கோபமும் இல்லே. ஆனா அந்தப் பலகை என் காலுக்கு வெச்சதில்லே அக்கா. நீ உனக்கு வெச்சுக்கிட்டது."

பதினோரு வருஷம் தன் மனத்துக்குள் மட்டும் இருந்ததாக நினைத்த ஒன்று, ஒரு துணி வியாபாரியின் முன்னால், கணவனின் முன்னால், பட்டப்பகல் வெளிச்சத்தில் விழுந்து கிடந்தது. நல்லம்மாளால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. காமிராவை விட்டு விலகி, கதவருகில் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள்.

பின்னால் அப்பாவு எண்ணுவது கேட்டது. மூன்று வரைக்கும்தான் எண்ணினான். அவளுக்கு முந்நூறு போலிருந்தது.

மதியத்துக்குள் தகடுகளைக் கழுவி, ஸ்பிரிட்டில் முக்கி உலர்த்தி, புழக்கடை வெயிலில் தாளில் இறக்கிவிட்டான் அப்பாவு. இரண்டு படத்தையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். ஒன்றில் அரண்மனைப் படியில் நிமிர்ந்து நிற்கும் பெண். மற்றதில் சாம்பல் திரைக்கு முன்னால், ஒரு குதிகாலைத் தூக்கி, காமிராவையே பார்த்துக்கொண்டு நிற்கும் பெண். முகம் இரண்டாவதில்தான் நன்றாக விழுந்திருந்தது. அதை ஒப்புக்கொள்ள நல்லம்மாளுக்கு வெகுநேரம் ஆயிற்று.

பாப்பா அறைக்குள்ளிருந்து சொன்னாள். "நீயே உறையிலே வை அக்கா. எதை வெச்சேன்னு நான் கேக்க மாட்டேன்."

அதைவிடக் கன்னத்தில் ஒரு அறை கொடுத்திருக்கலாம்.

நல்லம்மாள் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். அரண்மனைப் படத்தை உறைக்குள் வைத்தாள். வெளியே எடுத்தாள். கடைசியில் சாம்பல் படத்தை உள்ளே வைத்து, ஒட்டுவதற்குக் கஞ்சிப் பசை கொண்டுவர அடுப்படிக்குப் போனாள். போனவள் அங்கேயே முகத்தை மூடிக்கொண்டு நின்றுவிட்டாள். திரும்பி வந்தபோது அப்பாவு படம் ஒட்டும் பசையிலேயே உறையை ஒட்டி, ராவுத்தர் கையில் கொடுத்திருந்தான். "மூணு மணி ஆச்சு தங்கச்சி. இன்னைக்கு வண்டியிலே மாப்பிள்ளைதான் கார்டு, கையிலேயே குடுத்துடறேன்," என்று சொல்லி, மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவர் கிளம்பிவிட்டார்.

அவள் மேசையைத் துடைக்கப் போனாள். கழுவிய தகடுகளுக்கு அடியில் ஒரு படம் கவிழ்ந்து கிடந்தது. திருப்பினாள்.

சாம்பல் திரை. தூக்கிய குதிகால்.

"ஏங்க," என்றாள். "நான் இதைத்தானே உள்ள வெச்சேன்?"

அப்பாவு கழுவிய கையையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தான். "நான்தான் மாத்தினேன்."

"எதுக்கு?"

"நீ அழுதுக்கிட்டே வெச்சே. நாளைக்கு அவங்க வேணாம்னு எழுதினா நீ ஜென்மத்துக்கும் எழுந்திரிக்க மாட்டே, எனக்குத் தெரியும்." அவன் தலையைத் தூக்கவில்லை. "அப்புறம்... அவ நேரா நின்னு நான் பாத்ததில்லே நல்லு. அதை நாலு பேரு பாக்கட்டும்னு தோணிச்சு. தப்புதான்."

பாப்பா அறை வாசலுக்கு வந்திருந்தாள். எல்லாம் கேட்டிருந்தது. மச்சானைத் திட்டவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"என்னால ஓட முடியாது அக்கா," என்றாள். "நீ ஓடு."

ஈப்போவுக்கு வந்த மூன்று வருஷத்தில் நல்லம்மாள் தனியாக அந்தத் தெருமுனையைத் தாண்டியதில்லை. படத்தை முந்தானைக்குள் வைத்து மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். ரிக்‌ஷாக்காரர்கள் வழிவிட்டுக் கத்தினார்கள். காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாலத்தில் செருப்பு வார் அறுந்தது, விட்டுவிட்டு ஓடினாள். கொண்டை அவிழ்ந்தது. ஸ்டேஷன் வெள்ளை மண்டபத்தின் படிகளை இரண்டிரண்டாக ஏறி உள்ளே போனபோது வண்டி நின்றுகொண்டிருந்தது.

கடைசிப் பெட்டிக்குப் பக்கத்தில் ராவுத்தரின் சிவப்புத் தொப்பி தெரிந்தது. எதிரில் நெட்டையாக, கறுப்புக் கோட்டில், பச்சைக் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவன். உறை கிழிந்திருந்தது. படம் அவன் கையில்.

"தங்கச்சி, என்னம்மா இது, தனியா வந்து..." என்றார் ராவுத்தர். பிறகு அவனிடம், "பொண்ணோட அக்கா," என்றார்.

பத்துமலை தொப்பியை எடுத்தான். அவளை நேராகப் பார்க்கக் கூச்சப்பட்டு, படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அம்மாவுக்குப் பிடிக்குங்க. எனக்கும்..." மிச்சத்தைச் சொல்லாமல் காது சிவந்தான்.

ஒரு கணம், நல்லம்மாளுக்கு அப்படியே திரும்பிப் போய்விடலாம் போலிருந்தது. எல்லாம் முடிந்துவிட்டது. நல்லபடியாக முடிந்துவிட்டது. ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் போதும். வேண்டுமென்றால் ஒப்புக்கு ஒரு சிரிப்பு. பையன் நல்லவனாகத் தெரிந்தான். கண்ணில் ஒரு கபடும் இல்லை.

அதனால்தான் முந்தானைக்குள்ளிருந்து கை வெளியே வந்தது.

"அதுல என் தங்கச்சி காலுக்குக் கீழே பலகை இருக்கு," என்றாள். மூச்சு வாங்கியது. "வெச்சது நான். அவளுக்கு வலது கால் குட்டை. சின்னப் பிள்ளையிலே ஒடிஞ்சது. அதுவும் என்னாலதான். இது பலகை இல்லாம எடுத்தது. இதைத்தான் அனுப்பச் சொன்னா."

ராவுத்தர் இரண்டடி விலகி நின்றுகொண்டார்.

பத்துமலை இரண்டாவது படத்தை வாங்கினான். முகத்தைப் பார்த்தான். மெல்லப் பார்வை கீழே இறங்கியது, தூக்கி நின்ற குதிகாலில் நின்றது. பிறகு மறுபடியும் மேலே, முகத்துக்குப் போனது. அங்கேயே தங்கிவிட்டது.

ஸ்டேஷன் மாஸ்டர் தூரத்திலிருந்து கையை ஆட்டினார். ஜன்னல்களிலிருந்து தலைகள் நீண்டன. கடிகார முள் மூன்றே முக்காலைத் தாண்டி ஒரு கட்டம் நகர்ந்தது.

விசில் அவன் மார்பில் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அதைத் தொடவில்லை.